லைக்கன் சங்கத்தின் ஐந்தாம் ஆண்டு விழா, கானாடுகாத்தானில் ஒரு நாள்: எப்படி நடத்தலாம்?

செம்பூரான் (கேள்வி)

வணக்கம். எங்கள் லைக்கன் ஆர்வலர் சங்கத்தின் ஐந்தாம் ஆண்டு விழாவை டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கானாடுகாத்தானில் வைப்பதாக முடிவு. பழைய நகரத்தார் வீடு ஒன்றில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு மூன்றும் விடிகாலையிலிருந்து மாலை வரை கிடைக்கின்றன. வருகிறவர்கள் 60 பேர் அளவில். பாதிக்குமேல் கல்லூரிப் பிள்ளைகள். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழ்வது லைக்கன் என்று பாடத்தில் படித்திருப்பார்கள், லென்ஸ் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். கையிருப்பு: ஸ்டீரியோ மைக்ராஸ்கோப் 2, கூட்டு மைக்ராஸ்கோப் 1, பத்து மடங்கு கைலென்ஸ் 12. மரத்தடியில் நின்று விளக்கத் தெரிந்தவர்கள் நான்கு பேர்.

குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, சாப்பாடு, கலைந்தோம் என்று ஆகிவிடக் கூடாது. வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொருவருக்கும் ஐந்து லைக்கனாவது பார்த்ததும் பெயர் சொல்ல வர வேண்டும்.

காலை நடையை எத்தனை மணிக்கு, எந்த மரங்களில் வைப்பது? சொட்டுச் சோதனைகளை (லைக்கன் துண்டில் மருந்துச் சொட்டு விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது) இத்தனை பேர் முன்னால் செய்து காட்ட முடியுமா? தரை முழுக்க ஆத்தங்குடிக் கல் என்பதால் வீட்டு ஆச்சி கவலைப்படுகிறார்கள். அப்புறம், செட்டிநாட்டில் விழா வைத்துவிட்டு, மசாலாவில் போடுகிற லைக்கனான கல்பாசியை விட முடியாது. அதை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம்?

வைகறை (பதில்)

அண்ணே, முதலில் நிகழ்ச்சி நிரலைத் தலைகீழாகப் போடுங்கள். லைக்கன் காலையில், மேடை மதியத்துக்கு மேல். பத்து மணிக்குக் குத்துவிளக்கு ஏற்றிவிட்டுப் பதினொன்றரைக்கு மரத்தடிக்குக் கூட்டிப் போனால் பிள்ளைகள் பார்ப்பது சாம்பல் நிறக் கறையை மட்டும்தான்.

லைக்கனுக்கு வேர் இல்லை, தண்ணீரைச் சேமிக்கவும் வழியில்லை. மார்கழிப் பனியை நேராக உடம்பில் உறிஞ்சிக்கொள்ளும். நனைந்ததும் மேல்தோல் கண்ணாடிபோல் ஆகி, அடியில் இருக்கும் பாசியின் பச்சை வெளியே தெரியும். வெயில் ஏறினால் காய்ந்து வெளுத்து, ஒளிச்சேர்க்கையும் நின்றுவிடும். அந்தச் சமயம் சூரிய உதயம் ஆறரை மணியை ஒட்டி. 6.15-க்கு மரத்தடியில் நில்லுங்கள். எட்டரைக்கு மேல் பனியை நம்ப வேண்டாம்.

வழிகாட்டிக்கு எட்டுப் பேருக்கு மேல் வைக்காதீர்கள். ஒன்பதாவது ஆளுக்கு லென்ஸ் கைக்கு வருவதற்குள் பேச்சு அடுத்த மரத்துக்குப் போய்விடும். நான்கு பேர்தான் என்றால் இரண்டு அணி. முதல் அணி 6.15 முதல் 7.20 வரை, இரண்டாவது அணி 7.20 முதல் 8.30 வரை. காத்திருக்கும் அணி பலகாரம் சாப்பிடட்டும், காகித உறை மடிக்கப் பழகட்டும். இரண்டாவது அணியை மரத்தின் வடக்குப் பக்கமே கூட்டிப் போங்கள். நம் ஊர் பத்து டிகிரி வடக்கில் இருக்கிறது, டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறான். கிழக்குப் பக்கம் முதலில் காயும், வடக்குப் பக்கமும் சாய்ந்த கிளையின் அடிப்பக்கமும் கடைசியாகக் காயும்.

மரங்கள்: மா, தென்னை, பனை, புளி, இலுப்பை, வயதான வேம்பு. ஊரணிக் கரையில் நிற்பவை என்றால் இன்னும் நல்லது. தைல மரம், கொய்யா இரண்டும் பட்டையை உரித்து உரித்துப் போடுகிற சாதி, அங்கே நேரம் வீண். சாலையோர மரம் என்றால் சுண்ணாம்பு அடித்த பட்டைக்கு மேலே பாருங்கள்.

கையில் ஒரு தெளிப்புப் புட்டி வேண்டும். ஒரு லைக்கனின் பாதியில் மட்டும் இரண்டு தெளிப்பு, அரை நிமிடம் பொறுத்து இரு பாதிகளையும் ஒப்பிட்டுக் காட்டுங்கள். காலையில் காய்ந்த பகுதி கிடைக்காவிட்டால் எட்டு மணிக்குமேல் கிழக்குப் பக்கத்தில் செய்யலாம். தண்ணீர் ஆர்.ஓ. அல்லது மழைநீராக இருக்கட்டும். போர் தண்ணீர் காய்ந்தால் உப்பு வெள்ளையாகப் படியும். பைக்ஸின் கோகோயஸ் என்ற லைக்கனின் மடல் நுனியில் இயல்பாகவே ஒரு வெள்ளைப் பூச்சு உண்டு, இரண்டையும் புதியவர்கள் குழப்பிக்கொள்வார்கள்.

ஐந்து பெயர்களுக்கு நான் எடுப்பவை இவை. பைக்ஸின்: சாம்பல் வெள்ளை, மடல்கள் பட்டையோடு படிந்திருக்கும், விளிம்பில் மாவுத் திட்டுகள், அடியில் கறுப்பு வேரிழைகள். டிரினாரியா: பைக்ஸின் போலவே இருக்கும், ஆனால் அடியில் வேரிழை கிடையாது, ஒட்டினாற்போல் படிந்து மடல்கள் ஒன்றோடொன்று சுருக்கம் விழுந்திருக்கும். கிராஃபிஸ்: வழவழப்பான பட்டையில் வெளிர்ந்த திட்டு, அதன்மேல் கறுப்புக் கீறல்கள். லெக்கனோரா: ஒட்டிய மேலோடு, மேலே சின்னச் சின்ன வட்டில்கள், வட்டிலைச் சுற்றி உடம்பின் நிறத்திலேயே வரம்பு. கிரைசோத்ரிக்ஸ்: நிழலான சொரசொரப் பட்டையில் எலுமிச்சை மஞ்சள் தூள். கடைசியது கானாடுகாத்தான் வெயிலில் எல்லா மரத்திலும் நிற்காது, முந்தின நாளே தேடி மரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புதியவர்களுக்குப் பேரினம் வரை சொன்னால் போதும். பட்டையில் ஒட்டிய மேலோட்டு லைக்கனுக்கு, ஸ்போரைப் பார்க்காமல் மரத்தடியில் நின்று இனப்பெயர் சொல்வது ஊகம்தான், அதைப் பிள்ளைகளுக்குப் பழக்கக் கூடாது.

மூன்று மரம் போதும். ஒவ்வொரு மரத்திலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் 10 சென்டிமீட்டர் சதுர அட்டைச் சட்டம் ஒன்றைக் கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லையில்லாமல் விட்டால் கண் எங்கேயும் நிற்காது.

சொட்டுக்குப்பி (பதில்)

சோதனை மேசை பற்றி மட்டும் சொல்கிறேன். தாராளமாகச் செய்யலாம், ஆனால் மரத்திலோ சுவரிலோ தரையிலோ ஒரு சொட்டும் விழக் கூடாது. லைக்கன் துண்டைத்தான் மேசைக்குக் கொண்டுவர வேண்டும், மருந்தை லைக்கனிடம் கொண்டுபோகக் கூடாது. மேசைமேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் விளிம்புள்ள எவர்சில்வர் தாம்பாளம். எல்லாம் அந்தத் தாம்பாளத்துக்குள்ளேயே. மேசைக்கடியிலும் ஒரு விரிப்பு போடுங்கள். ஆச்சியிடம் இந்த ஏற்பாட்டை முன்கூட்டியே காட்டிவிடுவது நல்லது.

கே கரைசல்: பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 10 சதவீதம். 3 கிராம் வில்லையை 30 மில்லி வாலைவடிநீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரையுங்கள். சூடாகும், மூடியை உடனே இறுக்காதீர்கள். சொட்டு மூடியுள்ள பிளாஸ்டிக் புட்டி வேண்டும், கண்ணாடி மூடியிட்ட புட்டியில் வைத்தால் மூடி இறுகிப் பிடித்துக்கொள்ளும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து வலு குறையும் என்பதால் ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

சி கரைசல்: வாசனை சேர்க்காத சலவைத் திரவம், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட். இங்கேதான் பாதிப் பேர் சறுக்குவது. பழைய புட்டி, வெயிலில் இருந்த புட்டி, அடிக்கடி திறந்த புட்டி மூன்றும் செத்துப்போனவை. சோதனையில் நிறம் வராது, ஆள் 'எதிர்மறை' என்று எழுதிவிடுவார். விழாவுக்கு இரண்டு நாள் முன் புதுசு வாங்கி, கறுப்புத் தாள் சுற்றி நிழலில் வையுங்கள். கிடைக்காவிட்டால் பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு மேல்நீரை எடுத்துக்கொள்ளலாம், அது அன்றைக்கு மட்டும்தான் ஆகும்.

பி எனப்படும் பாராபினைலீன்டயமீனைப் பொதுமேசையில் வைக்கவே வைக்காதீர்கள். தலைச்சாயத்தில் ஒவ்வாமை உண்டாக்குகிற அதே பொருள், நச்சு, பட்ட இடமெல்லாம் கறுப்பாகக் கறை பிடிக்கும். ஆத்தங்குடிக் கல்லில் விழுந்தால் கதை முடிந்தது. கட்டாயம் காட்டத்தான் வேண்டும் என்றால் ஸ்டைனர் முறையில் கரைத்த கரைசல் (1 கிராம் பி, 10 கிராம் சோடியம் சல்ஃபைட், 100 மில்லி தண்ணீர், சில துளி சலவைச் சோப்புத் திரவம்), கையுறை போட்ட ஒரே ஆள், வீட்டுக்கு வெளியே. மற்றவர்கள் படத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.

மருந்து உயிரோடு இருக்கிறதா என்று தெரிய, நிறம் மாறும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு லைக்கன் வேண்டும். அதற்கு அலைய வேண்டாம், கல்பாசிப் பொட்டலத்திலேயே இரண்டும் இருக்கும். அகலமான மடலும் மேலே பொடி முளைகளும் உள்ள பார்மோட்ரீமா டிங்டோரம் எடுத்து, மேல்தோலைப் பிளேடு நுனியால் சுரண்டி, உள்ளே வெள்ளைப் பகுதி தெரிந்ததும் சி ஒரு சொட்டு. லெக்கனோரிக் அமிலம் இருப்பதால் சிவக்கும். சில நொடியில் மறைந்துவிடும் என்பதால் கண் லென்ஸில் இருக்கும்போதே சொட்டு விழ வேண்டும். நாடா போன்ற எவர்னியாஸ்ட்ரம் சிர்ரேட்டம் (இப்போது ஹைப்போட்ராக்கினாவில் சேர்த்துவிட்டார்கள்) எடுத்து அதே மாதிரி சுரண்டி கே வைத்தால் முதலில் மஞ்சள், ஒரு நிமிடத்துக்குள் இரத்தச் சிவப்பு. அது சலாசினிக் அமிலம். இரண்டும் வேலை செய்தால்தான் மேசையைத் திறக்க வேண்டும்.

அறுபது பேர் ஒரு மில்லிமீட்டர் சிவப்பை எட்டிப் பார்க்க முடியாது. அதற்கு வடிதாள் வழி இருக்கிறது. டிங்டோரம் நகக்கண் அளவு துண்டைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஐந்தாறு துளி அசிட்டோனில் பத்து நிமிடம் ஊறவிட்டு, அந்தச் சாற்றை வெள்ளை வடிதாளில் ஒரே இடத்தில் நாலைந்து முறை காயவிட்டுக் காயவிட்டு ஒற்றுங்கள். பிறகு அதன்மேல் சி தொட்டால் வட்டமாகச் சிவக்கும், பின்வரிசைக்கும் தெரியும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். சமையல்கட்டு இருக்கிற பக்கமே வேண்டாம்.

கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும், மேசையருகே ஒரு குடம் தண்ணீரும் சொம்பும் இருக்கட்டும். முடிந்தபின் மிச்சத்தைக் கழிப்பறையில் ஊற்றி அமிலக் கிளீனரால் தேய்க்க யாராவது கிளம்புவார்கள், விடாதீர்கள். சலவைத் திரவமும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு.

அஞ்சறைப்பெட்டி (பதில்)

கல்பாசி மேசையை விழாவின் நடு மேசையாக வையுங்கள். வளவில் வெளிச்சம் நேராக விழுகிற இடத்தில். இந்த ஊர்ப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து சாப்பிடுகிற லைக்கன் அது. அதைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தால் பாடம் தானாக ஏறும்.

வெவ்வேறு கடைகளில் 50 கிராம் வீதம் மூன்று பொட்டலம் வாங்குங்கள். காற்றுப்போல எடையில்லாத சரக்கு, 150 கிராம் தாராளம். அலங்காரத்துக்கென்று கிலோக் கணக்கில் வாங்க வேண்டாம். மலைக்காட்டு மரங்களிலிருந்து கையால் உரித்து வருவது, மறுபடி வளர ஆண்டுகள் ஆகும். பொடித்தது வேண்டவே வேண்டாம்.

எட்டுப் பேருக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு பெரிய பிடி. வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். காய்ந்திருக்கும்போது பிரித்தால் நொறுங்கிவிடும், ஊறினால் துணிபோல் விரியும். பிறகு மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டையும் பார்த்துப் பிரிக்கச் சொல்லுங்கள்.

அகல மடல், விளிம்பில் மாவு படிந்த சுருட்டல், ஓரத்தில் குட்டைக் கறுப்பு மயிர், அடிப்பக்கம் நடுவில் கறுப்பு, ஓரம் பழுப்பு: பார்மோட்ரீமா பெர்லேட்டம். கல்பாசி என்றால் புத்தகங்கள் சொல்வது இதைத்தான். அகல மடலே, ஆனால் விளிம்பு மயிர் இல்லை, மேல்பரப்பில் பவளம்போல் நுண்முளைகள்: டிங்டோரம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகல நாடா, ஓரம் அடிப்பக்கமாகச் சுருண்டு வாய்க்கால் மாதிரி, கறுப்பு மயிர் நீண்டு தெரியும்: எவர்னியாஸ்ட்ரம். இரண்டு பக்கமும் ஒரே வெளிர்பச்சை, கறுப்பே இல்லை: ராமலினா. நூல்போல் இருந்தால் ஈரத்தோடு இரண்டு விரலால் மெல்ல இழுங்கள். மேல்தோல் வெடித்து உள்ளே வெள்ளையாக இழுபடும் நாண் தெரிந்தால் அஸ்னியா. மிச்சம் பட்டைச் சில்லு, மரப்பாசி, மண், சில நேரம் ஊசியிலை. கடையில் 'கல்பாசி' என்ற ஒரு பெயரில் கிடைப்பது இத்தனையும் கலந்ததுதான். பொட்டலத்துக்குப் பொட்டலம் விகிதம் மாறும், மூன்று கடையில் வாங்கச் சொன்னது அதற்காக.

எவனாவது காரைக்குடி வேப்பமரத்தில் கல்பாசி தேடுவான். இங்கே வளராது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இமயமலைச் சரிவுகளிலும் குளிர்ந்த ஈரக் காட்டில் வளர்வது. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டில் ஒரு யோசனை. ஒரே உருளைக்கிழங்குக் குருமாவை இரண்டு அண்டாவில் செய்யச் சொல்லுங்கள், ஒன்றில் கல்பாசி போட்டு, ஒன்றில் போடாமல், மற்ற மசாலா எல்லாம் ஒரே அளவு. பேர் எழுதாமல் பரிமாறி எது என்று கேளுங்கள். கல்பாசியைப் பச்சையாக மோந்தால் மண்வாசம்தான். பட்டை, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூவோடு சூடான எண்ணெயில் விழுந்தால்தான் அந்த மணம் எழும்பும். கிலோவுக்கு இரு விரல் கிள்ளு போதும். எண்ணெயில் கடைசியாகப் போட்டு உடனே வெங்காயத்தைக் கொட்ட வேண்டும், கருகினால் கசப்பு முழு அண்டாவுக்கும் ஏறும். மண் போகச் சலித்து, பட்டைச் சில்லைப் பொறுக்கிய பிறகே போட வேண்டும்.

சமையலுக்கான பொட்டலத்தை முந்தின நாளே சமையல்காரர் கையில் கொடுத்துவிடுங்கள். மேசைக்கு வந்த கல்பாசி எதுவும், ஊறவைத்தது மட்டும்தான் என்றாலும், திரும்பச் சமையல்கட்டுக்குப் போகக் கூடாது. சொட்டுக்குப்பி சார் மேசை பக்கத்திலேயே இருக்கும்போது எது எங்கே தொட்டது என்று யாருக்கும் நினைவிருக்காது.

செம்பூரான்

எல்லோருக்கும் நன்றி. நிரலை மாற்றிவிட்டோம், மேடை மூன்று மணிக்குத்தான். இன்னும் மூன்று. நடையைத் திருமயம் கோட்டையில் வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள், பாறையில் நிறைய இருக்கும் என்று. வீட்டின் பின்கட்டுச் சுவரில் ஆரஞ்சு நிறத்தில் பரவலாக ஏதோ படர்ந்திருக்கிறது, அதையும் காட்டலாமா? பதாகையில் 'லைக்கன் இருக்கும் ஊர், தூய காற்றுள்ள ஊர்' என்று போட ஒரு யோசனை இருக்கிறது, சரியா?

கருங்கல் (பதில்)

திருமயம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். பார்க்கலாம், படம் எடுக்கலாம், அவ்வளவுதான். சுரண்டல், சொட்டு, தெளிப்பு எதுவும் கூடாது. பிள்ளையார்பட்டி, குன்றக்குடிப் பாறைகளுக்கும் கோவில் சுவர்களுக்கும் இதே கட்டுப்பாட்டை நாமாகவே வைத்துக்கொள்வதுதான் முறை. பனிக்காலை நேரமும் அங்கே ஒத்துவராது, நடையைக் கானாடுகாத்தானிலேயே முடியுங்கள். மாலையில் விருப்பமுள்ளவர்கள் கோட்டைக்குப் போகலாம், அரை மணிக்குள் போய்விடலாம். சாய்வெயிலில் பாறைமேல் மேடுபள்ளம் நன்றாகத் தெரியும்.

அங்கே போனால் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். பாறைச் சரிவில் மழைநீர் வழிந்த தடமெல்லாம் கறுப்பாகக் கோடு விழுந்திருக்கும். அதில் பெரும்பகுதி நீலப்பச்சைப் பாசி, லைக்கன் அல்ல. அந்தக் கறுப்பின் ஓரத்தில் ஒலிவப் பழுப்பில், நடுவில் மட்டும் பாறையைப் பிடித்துக்கொண்டு ஓரம் தூக்கிய குட்டிச் செதில்கள் இருந்தால் பெல்டுலாவாக இருக்க வாய்ப்பு. சுட்டெரிக்கும் பாறையில் வாழ்கிற சாதி, அதன் கூட்டாளியே நீலப்பச்சைப் பாசிதான். காய்ந்த கிராமப் பாறைகளில் இதைத் தேடுவதற்குப் பொறுமை வேண்டும், கிடைத்தால் மனசு நிறையும்.

பின்கட்டு ஆரஞ்சு விஷயத்துக்கு விரலால் ஒரு தேய்ப்பு போதும். வெல்வெட் மாதிரி மெத்தென்று இருந்து, விரலில் நார் நாராகவோ தூளாகவோ வந்தால் ட்ரென்டிபோலியா. அது தனியாக வாழும் பச்சைப் பாசி வகை, கரோட்டின் நிறமி பச்சையை மறைத்துவிடுவதால் செங்கல் நிறத்தில் தெரிகிறது. ஈரம் நிற்கிற, வெயில் படாத சுவரில் ஆள் உயரத்துக்கு இழுத்துப் பூசினாற்போல் பரவும். மாறாக, வெயில் படும் சுண்ணாம்புக் காரையில் காசளவு வட்டங்களாக, விரலுக்கு அசையாமல், நடுவே சின்ன ஆரஞ்சு வட்டில்களோடு இருந்தால் காலோபிளாக்கா. தானாக உதிர்ந்த காரைச் சில்லில் அது இருந்தால் தாம்பாளத்தில் வைத்துக் கே ஒரு சொட்டு: ஆந்த்ரகுயினோன் நிறமி உடனே ஊதாச் சிவப்பாக மாறும். ட்ரென்டிபோலியா மாறாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் 'சுவரில் இருக்கிற எல்லாம் லைக்கன்' என்ற எண்ணம் அன்றைக்கே போய்விடும். நல்ல காரையிலிருந்து சில்லு பெயர்க்கக் கூடாது. செட்டிநாட்டு வீட்டுப் பூச்சை அதே வழவழப்பில் திரும்பப் பூச இன்று ஆள் கிடைப்பதே அரிது.

பதாகை வாசகம் வேண்டாம். பாரிஸ் லக்சம்பர்க் தோட்டத்தில் லைக்கன்கள் குறைவதைக் காற்றோடு இணைத்து லைக்கன் அறிஞர் நைலாண்டர் 1866-ல் எழுதினார். இங்கிலாந்து, வேல்ஸுக்காக ஹாக்ஸ்வொர்த், ரோஸ் இருவரும் 1970-ல் லைக்கனை வைத்துக் காற்று மாசை மதிப்பிடும் அளவுகோலே போட்டார்கள். ஆனால் அது அந்த ஊர் மரங்களுக்கு, அந்த ஊர்க் கந்தக டையாக்சைடுக்கு, அந்த ஊர் இனங்களுக்குப் போட்டது. நம் பக்கம் லைக்கன் குறைவதற்கு முதல் காரணம் வறட்சி, வெயில், புழுதி. அதோடு, நீங்கள் காலையில் முதலில் காட்டப்போகும் பைக்ஸின் கோகோயஸ் நகரப் புகையையும் தாங்கி நிற்கிற இனம். அது இருப்பதை வைத்துக் காற்றுக்கு நற்சான்று கொடுக்க முடியாது.

அதற்குப் பதில் இந்த விழாவில் ஒரு தொடர்பதிவைத் தொடங்கலாம். ஊரில் 20 மரம் தேர்ந்தெடுங்கள். இனம், 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு, இருப்பிடக் குறி, திசைமானி காட்டும் பக்கம் எல்லாவற்றையும் எழுதி, வைகறை சொன்ன 10 சென்டிமீட்டர் சட்டத்தை ஒரு மீட்டர் உயரத்தில் வைத்துப் படம் எடுங்கள். மில்லிமீட்டர் அளவுகோல் படத்துக்குள் இருக்க வேண்டும். நனைந்தால் நிறமும் அகலமும் மாறும் என்பதால், ஒப்பிடும் படம் பிற்பகலில் காய்ந்த நிலையில் எடுத்ததாக இருக்கட்டும். ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் அதே சட்டம், அதே பக்கம், அதே நேரம். மேலோட்டு லைக்கன் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது, இலை வடிவத்தவை சில மில்லிமீட்டர் வளரும். பத்தாம் ஆண்டு விழாவில் பேச உங்களிடம் உங்கள் ஊர்த் தரவே இருக்கும்.

வைகறை

கருங்கல் சொல்வதோடு முழு உடன்பாடு. ஒரு சேர்க்கை: மரத்துக்கு ஆணி அடித்து எண் தகடு போட வேண்டாம், சட்டம் வைத்த இடத்துக்கும் வேர்க்கழுத்துக்கும் இடைத்தூரம் எழுதினால் போதும். நடையின்போது யாரும் மரத்திலிருந்து பெயர்க்கவும் வேண்டாம். கீழே விழுந்த சுள்ளிகளை முந்தின நாள் மாலை பொறுக்கி வைத்தால் மைக்ராஸ்கோப்புக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிடும்.

மடிதாள் (பதில்)

விட்டுப்போனவற்றைச் சொல்கிறேன்.

இரண்டாம் கட்டில் சன்னல் அடைத்தால் கும்மிருட்டாகும் அறை ஒன்று நிச்சயம் இருக்கும். அதைப் புறஊதா அறையாக்குங்கள். 365 நானோமீட்டர் டார்ச், முன்னால் கறுப்பு வடிகண்ணாடி உள்ளதாக வாங்குங்கள். மலிவான 395 நானோமீட்டர் டார்ச் ஊதா வெளிச்சத்தையே பாய்ச்சி எல்லாவற்றையும் ஊதாவாகக் காட்டும், ஒளிர்வு எது, எதிரொளி எது என்று பிரிக்க முடியாது. பைக்ஸின் கோகோயஸின் மேல்தோலில் லைக்கெக்ஸாந்தோன் என்ற பொருள் இருப்பதால் பளிச்சென்று மஞ்சளாக ஒளிரும். பக்கத்தில் ஒளிராத லைக்கன் ஒன்றை வையுங்கள். ஒரு நேரத்தில் ஆறு பேர், டார்ச் ஒருவர் கையில் மட்டும், எப்போதும் கீழ்நோக்கி.

ஸ்டீரியோ இரண்டையும் வளவின் ஓரம் நிழலில் வைத்து, ஒன்றில் பைக்ஸின், ஒன்றில் கிராஃபிஸ் என்று நாள் முழுக்க மாற்றாமல் விட்டுவிடுங்கள். கூட்டு மைக்ராஸ்கோப்பில் ஆளாளுக்குக் கைவைத்தால் பொருள்வில்லை கண்ணாடியில் மோதும், ஒருவர் கூடவே இருக்க வேண்டும். டிரினாரியாவின் கறுப்பு வட்டிலை ஒரு நிமிடம் நனையவிட்டு, பாதியாக ஒடித்த சவரப் பிளேடால் ஸ்டீரியோவின் கீழ் மெல்லிய செதிலாக நறுக்கி, ஒரு துளி தண்ணீரில் மூடுவில்லை போட்டு மெல்ல அழுத்துங்கள். 400 மடங்கில் பழுப்பு நிற இரண்டறை ஸ்போர்கள் தெரியும், நிறமுள்ளவை என்பதால் சாயம் தேவையில்லை. கிராஃபிஸின் நிறமற்ற ஸ்போருக்கு அயோடின் ஒரு துளி விட்டால் நீலமோ ஊதாவோ ஏறும். சீவல் தடிமனாகிப்போனால் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும், ஏழெட்டுச் சீவி அதில் மெல்லியதை எடுக்க வேண்டும். மின்சாரம் போனாலும் ஓடும்படி எல்.ஈ.டி. விளக்கைப் பவர் பேங்கில் இணைத்து வையுங்கள். பழைய வீட்டுப் பிளக்குகள் மூன்று முள் ஏற்காமல் இருக்கலாம், நீட்டிப்புப் பலகையோடு அடாப்டரும் கொண்டுபோங்கள்.

மேடைப் பேச்சு ஒன்றே ஒன்று, 25 நிமிடம். லைக்கன் இரட்டை உயிர் என்று சுவிஸ் தாவரவியலாளர் ஷ்வென்டனர் 1867-ல் சொன்னபோது பெரும்பாலான லைக்கன் அறிஞர்கள் ஏற்கவில்லை, நைலாண்டர் கடைசிவரை எதிர்த்தார். கே, சி சோதனைகளைக் கொண்டுவந்தவரும் அதே நைலாண்டர்தான், 1866-ல். பி சோதனையை ஜப்பானின் அசாஹினா 1934-ல் சேர்த்தார். பல லைக்கன்களின் மேல்தோலில் ஈஸ்ட் வகைப் பூஞ்சையும் இருப்பதாக 2016-ல் கண்டார்கள். இந்திய லைக்கன் ஆய்வுக்கு அடித்தளம் போட்ட தரணி தர் அவஸ்தியும் லக்னோ உலர்தாவரகமும் பேச்சில் வர வேண்டும். நம் கடற்கரை மரங்களில் தொங்கும் ரொசெல்லா மோண்டாக்னியைச் சொன்னால், சாயம் காய்ச்சுகிற லைக்கன் குடும்பம் இராமநாதபுரம் பக்கமே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியவரும்.

தாம்பூலப் பையில் வெற்றிலை பாக்கோடு, மடிக்கத் தயாரான ஏ4 தாள் ஐந்தும் விவரச்சீட்டு ஐந்தும் போடுங்கள். தாளைக் கீழிருந்து மேலாக, மேலே நாலு சென்டிமீட்டர் விட்டு மடித்து, இரு ஓரமும் பின்னால் மடக்கி, மேல்மடலை மூடினால் 15-க்கு 13 சென்டிமீட்டர் அளவில் பசையில்லாத உறை. சீட்டில் இடம், நாள், மரம், திசை, உயரம், எடுத்தவர், சோதனை முடிவு. 'மரத்தில்' என்று மட்டும் எழுதிய சீட்டால் யாருக்கும் பயனில்லை, எந்த மரம் என்று வேண்டும்.

காலையில் பொறுக்கிய ஈரச் சுள்ளியை பாலித்தீன் பையில் போட்டால் மறுநாளே பூஞ்சணம் பூக்கும். செய்தித்தாளில் பரப்பி நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள், அடுப்போ வெயிலோ வேண்டாம். காய்ந்த பிறகு உறையிலிட்டு, உறைகளை மட்டும் இறுக்கமான பையில் கட்டி உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தால் புத்தகப் பேனும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை ஒரு இரவு அப்படியே இருக்கட்டும், முன்னால் திறந்தால் வேர்த்து மறுபடி ஈரம் ஏறிவிடும்.